காதுகுத்தில் கட்டிய காலேஜ் பீஸ்

1

போன வாரம் யாழினியைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். அன்றிலிருந்து ஊரிலிருந்து போன் மேல் போன். பிள்ளை அழுதாளா, அங்கே சோறு கிடைக்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோம்பையிலிருந்து கெங்குவார்பட்டி வரைக்கும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அம்புட்டுப் பணத்த எப்பிடித்தா கட்டுனீக?" ஆளுக்கொரு தடவை பதில் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே விடுகிறேன். படித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுங்கள். எனக்குப் போன் செய்யாதீர்கள்.

இங்கே ஒவ்வொரு கல்லூரியும் இவ்வளவு கட்டணம் என்று ஒரு தொகையை அச்சடித்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்து மயங்கி விழக் கூடாது. ஜவுளிக் கடையில் முதலில் சொல்லும் விலை மாதிரிதான் அது. அதை முழுசாகக் கட்டுகிறவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்கள் எல்லாம் 'எங்களால் இவ்வளவு முடியாது' என்று எழுதிக் கேட்க வேண்டும். சம்பளம், வரி, வீட்டுக் கடன், பேங்கில் கிடப்பது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள். அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, 'உங்கள் குடும்பத்தால் இவ்வளவு தர முடியும்' என்று அவர்களே ஒரு தொகையைச் சொல்வார்கள். நம் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்பதை நம்மிடம் மட்டும் கேட்பதில்லை.

அதற்கு மேல் துண்டு விழுவதற்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று இனாம், திருப்பித் தர வேண்டாம். இரண்டாவது கடன், படித்து முடித்துக் கட்ட வேண்டும். மூன்றாவது, பிள்ளை கல்லூரிக்குள்ளேயே நூலகத்திலோ சாப்பாட்டுக்கூடத்திலோ வேலை பார்த்துச் சம்பாதிப்பது. இந்த மூன்றும் விளங்கிவிட்டால் அமெரிக்கக் கல்லூரி பாதி விளங்கின மாதிரி. எனக்கு விளங்க ஒரு வருஷம் ஆனது. என் வீட்டுக்காரருக்கு விளங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். அவருக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

2

நாங்கள் இருப்பது மிச்சிகனில். இவர் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி நாள் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் தட்டில் பீட்சாவை வைப்பேன், அவர்கள் அதைத் தின்னாமல் கொட்டுவார்கள், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த வருஷம் தை பிறந்த கையோடு தொழிற்சாலையில் ஒரு பகுதியை மூடினார்கள். இவருக்கு வேலை போனது.

வேலை போனதைவிட, போனதை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பதுதான் இவருக்குப் பெரிய வேலையாகப் போயிற்று. போடியில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். அந்த வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட 'அரிசி இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். 'நிறைஞ்சிருக்கு, வாங்கணும்' என்பார்கள். அதே வளர்ப்பு. காலையில் சட்டை மடிப்புக் கலையாமல் டிபன் டப்பாவோடு கிளம்பிப் பொது நூலகத்துக்குப் போய் வேலை தேடிவிட்டு, சாயங்காலம் ஆபீஸ் விட்ட நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். பக்கத்து வீட்டு அமெரிக்கர்களுக்காகவா இந்த வேஷம் என்று கேட்டால் டிபன் டப்பாவைக் கழுவப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை போனில் ஊரிலிருந்து யார் வேலையைப் பற்றிக் கேட்டாலும், "நல்லாப் போகுது" என்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவேன், போனில் அது தெரியாது என்றாலும்.

இந்த நேரம் பார்த்துத்தான் யாழினிக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் வந்தது. படிப்பு பாறைகளைப் பற்றி. ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்கு அந்தப் பைத்தியம். எங்கே போனாலும் கல்லைப் பொறுக்கி வந்து குளியலறையில் கழுவி வைப்பாள். என் தம்பி பாண்டிக்கு இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. "கல்லப் படிக்கவா அம்புட்டுத் தூரம் போகணும்? மேகமலையில சும்மா கெடக்கேக்கா" என்றான்.

கல்லூரியிலிருந்து உதவி பற்றிய கடிதம் வந்தது. இனாம், கடன், வேலை மூன்றையும் ஒரே எழுத்தில் வரிசையாகப் போட்டு, கீழே கூட்டி, வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். இவர் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் கிடைத்துவிட்டது என்று என்னைப் பாயாசம் வைக்கச் சொன்னார். யாழினி மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தாள். இதில் இனாம் கொஞ்சம்தான், பெரிய தொகை கடன், அப்படியும் இன்னும் துண்டு விழுகிறது என்றாள். பாயாசம் அதற்குள் கொதித்துவிட்டது. வேறு வழியில்லாமல் குடித்தோம்.

அவர்கள் பார்த்தது போன வருஷச் சம்பளத்தை. போன வருஷம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். இப்போது இல்லை என்று நேரில் போய்ச் சொன்னால் மறுபடி பார்ப்பார்களாம். மே மாதம் பிறப்பதற்குள் இடத்தை உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். யாழினி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீதிக்கும் தன் பெயரிலேயே கடன் வாங்கிக்கொள்கிறேன், தானே கட்டிவிடுகிறேன் என்று ஒருநாள் சொன்னாள். பெற்ற பிள்ளை கடன்பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதா என்று இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்று அவள் சொன்னதும் அவருக்கு ஏறவில்லை.

3

இந்த இடத்தில் தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு மீதி விளங்காது. நான் பிறந்த கோம்பையில் உள்ளவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் பாண்டிக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. எங்களைப் பெற்ற அய்யாவிடம் திராட்சைத் தோட்டம் இருந்தது, பணம் இல்லை. காய் பழுத்து நின்ற நேரத்தில் மழை பிடித்து, பழமெல்லாம் கொடியிலேயே வெடித்துப்போன வருஷம் அது. அய்யா பேங்குக்குக் கிளம்பினார். புது வேட்டி, சலவைச் சட்டை, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மோட்டார் சைக்கிள், அவருடைய கைக்கடிகாரம் எல்லாம் இரவல். கடன் கேட்கப் போகிறவன் இருக்கப்பட்டவனாகத் தெரிய வேண்டும், இல்லாதவனுக்கு யார் கொடுப்பார்கள் என்பது எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் சட்டம். மேனேஜர் வெள்ளாமை எப்படி என்று கேட்டதற்கு, சாமி புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னாராம். மேனேஜர் காப்பி வாங்கிக் கொடுத்து, கிணற்று மோட்டாருக்குக் கடன் தரலாம், படிப்புக்குத் தர இங்கே வழியில்லை என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்த அய்யா, "மோட்டாருக்குக் குடுப்பாகளாம், மகனுக்குக் குடுக்க மாட்டாகளாம்" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்போது நாங்கள் அமெரிக்கா போய் முதல்முறையாக லீவில் ஊருக்கு வந்திருந்தோம். யாழினிக்கு ஐந்து வயது. காது குத்தவில்லை. பாண்டி அவளுக்கு ஒரே தாய்மாமன். அய்யா அவளுடைய காதைப் பார்த்தார், பாண்டியைப் பார்த்தார், பத்திரிகை அடிக்கப் போய்விட்டார்.

காதுகுத்துக்குப் பந்தல் போட்டு, குழாய் ரேடியோ கட்டி, கிடா வெட்டி ஊரைக் கூப்பிட்டோம். கையில் காசில்லாத வீட்டில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காசில்லாததால்தான் ஆர்ப்பாட்டம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுச் செய்முறை செய்வார்கள், மொய் எழுதுவதுதான். ஒருவர் மைக்கில் ஊரையும் பேரையும் தொகையையும் வாசிப்பார், இன்னொருவர் எழுதுவார். நாளைக்கு அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் நாம் போய் அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். யாரும் யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. யாரும் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை. எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டார்கள்.

யாழினியைப் பாண்டியின் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அவள் ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். மைக்கில் தொகையைக் கேட்டு அவனும் அழுதான். விசேஷம் எங்களுடையது என்பதால் பணம் இவர் கைக்குத்தான் வந்தது. போடியிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், நம் வீட்டுச் செய்முறை மச்சினன் படிப்புக்கா போகிறது என்று ஜாடையாகக் கேட்டாள். இவர் பையைப் பாண்டியிடம் கொடுத்து, "போய்ச் சேருடா" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்க அவர் விட்டதில்லை.

பாண்டி படித்து முடித்தான். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இப்போது உத்தமபாளையத்தில் சொட்டுநீர்க் குழாய் கடை வைத்திருக்கிறான், அது வேறு கதை. ஆனால் அன்றைக்குச் செய்தவர்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் அவன் விட்டதில்லை. மயிலாடும்பாறையில் சடங்கு, கம்பத்தில் கல்யாணம், எங்கே என்றாலும் எங்கள் பெயரில் போய்ச் செய்துவிட்டு வந்துவிடுவான். ஒரே நாளில் மூன்று பந்தியில் உட்கார்ந்ததாகவும் சொல்வான். அவனுடைய தொந்தி அந்தப் படிப்புக்குக் கட்டிய வட்டி.

4

இனி மிச்சிகனுக்கு வருவோம். கல்லூரி உதவி அலுவலகத்தில் எங்களுக்கு நேரம் கொடுத்தார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? இவர் கோட்டு போட்டுக்கொண்டார். நான் பட்டுப்புடவை கட்டி, இருந்த நகையில் நல்லதாகப் பார்த்து மாட்டிக்கொண்டேன். பணம் கேட்கப் போகிற இடத்துக்குப் பஞ்சையாகவா போவது? வாசலில் என்னைப் பார்த்த யாழினி, "அம்மா, நாம கல்யாணத்துக்குப் போறோமா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பட்டின் அருமை உனக்கென்ன தெரியும் என்று காரில் ஏறினேன்.

அலுவலகத்தில் இருந்த அம்மாள் தங்கமானவள். என் வளையலைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாள், உண்மையான தங்கமா என்றும் கேட்டாள். நான் பெருமையாக ஆமாம் என்றேன். பிறகு இவரைப் பார்த்து, இப்போது குடும்பத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

எங்கள் வாழ்க்கையில் யாரும் இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் கொடுத்ததில்லை. வாயைத் திறந்து வேலை போய்விட்டது என்று சொன்னால் போதும். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, எந்தப் பிரச்சினையும் இல்லை, கேட்டதற்கு நன்றி என்றார். வேலையில் ஒரு சின்ன மாறுதல், அவ்வளவுதான் என்றார். நான் பக்கத்தில் தலையை ஆட்டினேன். அந்த அம்மாளுக்கும் சந்தோஷம். மாறுதல் எதுவும் பெரிதாக இல்லை என்று எழுதிக்கொண்டு, எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினாள். இரவல் கடிகாரம் ஒன்றுதான் குறை, மற்றபடி அய்யா போன பேங்கேதான்.

வீட்டுக்கு வந்ததும் யாழினி இவர் எதிரில் நின்று கேட்டாள்: "அப்பா, நான் போறது உங்களுக்கு முக்கியமா, நீங்க சொல்லாம இருக்கறது முக்கியமா?"

இவர் கோட்டைக் கழற்றி மாட்டப் போனார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நல்ல மனுஷன். இல்லை என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் வாய்க்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

5

யாழினியே மறுபடி நேரம் வாங்கினாள். இந்தத் தடவை பட்டு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறைச் சட்டையோடு போனேன். உள்ளே உட்கார்ந்ததும் அந்த அம்மாள் பேசுவதற்கு முன்னால் இவளே ஆரம்பித்தாள். என் அப்பாவுக்கு ஜனவரியிலிருந்து வேலை இல்லை, அதைச் சொல்ல அவருக்கு வராது, அவருக்காக நான் சொல்கிறேன் என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், ஆனால் எனக்கு அது கோம்பையில் மைக்கில் வாசித்த மாதிரி காதில் விழுந்தது. இவர் குனிந்து தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தாள் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினாள். அவர் ஒன்றை எடுத்து, அழவில்லை என்பதற்காகக் கண்ணாடியைத் துடைத்தார்.

தொழிற்சாலைக் கடிதம், வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தருகிற படியின் கணக்கு, எல்லாம் கொடுத்தோம். பத்து நாளில் பதில் வந்தது. இனாம் ஏறியிருந்தது, நூலகத்தில் வேலையும் உண்டு. கடன் அவள் பெயரில் கொஞ்சம். அப்படியும் முதல் வருஷத்துக்கு ஒரு தொகை துண்டு விழுந்தது. அது எங்களிடம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலப் பாண்டி பேசினான். வழக்கம் போல, வேலை எப்படி மச்சான் என்றான். இவர் "நல்லாப்..." என்று ஆரம்பித்தார். யாழினி போனைக் கையிலிருந்து வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, அப்பாவுக்கு வேலை போச்சு. ஜனவரியிலயே போச்சு. எனக்குக் காலேஜ் பீஸ் பத்தல."

அந்தப் பக்கம் கடையில் யாரோ குழாய் விலை கேட்டார்கள். பிறகு பாண்டி, அப்பாவிடம் கொடு என்றான். கொடுத்தாள். ஸ்பீக்கரை அணைக்காமல்தான் கொடுத்தாள், அவளும் என் மகள்தானே.

"மச்சான், கவினுக்கு இன்னும் காது குத்தல. ஆனியில வச்சிருவோம்" என்றான் பாண்டி. கவின் அவன் மகன், மூன்று வயது.

அதெல்லாம் வேண்டாம், சமாளித்துக்கொள்வோம் என்றார் இவர்.

"நீங்க சமாளிச்சது தெரியுது. அன்னைக்கு ஒங்க மக காதுல நான் படிச்சேன். இன்னைக்கு என் மகன் காதுல அது படிக்கட்டும். கல்லோ மண்ணோ, படிக்கட்டும்."

ஊரெல்லாம் வந்து செய்வாகளே, அதையெல்லாம் யாருடா திருப்பிச் செய்வது என்று கேட்டார் இவர். பாண்டி வாயைத் திறப்பதற்குள் யாழினி சொன்னாள்: "நான் செய்வேன்ப்பா."

கடன்பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சாப்பிடாமல் இருந்த மனுஷன் இதற்குத் தலையை ஆட்டினார்.

உறவினர்கள் பணம் தரப் போகிறார்கள் என்பதை யாழினி அலுவலகத்திலும் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் அது அன்பளிப்பா என்று கேட்டாளாம். இல்லை, திருப்பிச் செய்ய வேண்டும். அப்படியானால் கடனா? இல்லை, வட்டி கிடையாது. எப்போது திருப்ப வேண்டும்? அவர்கள் வீட்டுப் பெண் பெரியவளாகும்போது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பணம் வந்ததும் எவ்வளவு என்று மட்டும் எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டாளாம்.

6

ஆனி மாதம் காதுகுத்து நடந்தது, துண்டு விழுந்த தொகையும் சேர்ந்துவிட்டது. எங்களால் போக முடியவில்லை, டிக்கெட்டுக்குக் காசு ஏது. அங்கே பொழுது சாயும் நேரத்தில் பாண்டி போன் போட்டான். எங்களுக்கு அப்போதுதான் காலைக் காப்பி. மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். குழாய் ரேடியோ சத்தத்தில் கவின் இன்னும் அழுதுகொண்டிருப்பது கேட்டது.

போடியிலிருந்து வந்திருந்த இவருடைய சித்தப்பா போனை வாங்கினார். பிள்ளை நல்லா இருக்கா, பனி பெய்யுதா என்று கேட்டுவிட்டு, வேலையெல்லாம் எப்படி என்றார். நானும் யாழினியும் இவர் முகத்தைப் பார்த்தோம். இவர் காப்பி டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"வேலை இல்ல சித்தப்பா. தேடிக்கிட்டிருக்கேன்."

"தெரியும்டா. பந்தியில அதத்தான் பேசிக்கிட்டிருக்காக. நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார் சித்தப்பா. "சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றார் இவர். வானம் இடிந்து விழவில்லை. ஆறு மாதம் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தது இதற்குத்தானா என்று நான் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவர் எழுந்து போய் இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கும் சேர்த்து ஊற்றியிருந்தார், அது அதிசயம்.

அப்புறம் பாண்டி, எல்லோரும் பேசாமல் இருங்கள் என்று சொல்லிப் போனைக் குழாய் ரேடியோ பக்கம் பிடித்தான். லீவில் யாழினி ஐஸ்கிரீம் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அந்த முதல் சம்பளத்திலிருந்து, கவினுக்குத் தன் பேரில் செய்ய வேண்டும் என்று அனுப்பச் சொல்லியிருந்தாள். எழுதுகிறவர் எந்த ஊர் என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. யாரோ அமெரிக்கா என்றார்கள். பாண்டி அதட்டினான். "அமெரிக்காவா? இங்கன காது குத்துன பிள்ளைய்யா அது. கோம்பைன்னு எழுது."

மைக்கில் வாசித்தார்கள்: "கோம்பை, கல்லுப் படிக்கப் போகும் யாழினி, ஆயிரத்து ஒண்ணு."

யாழினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோம்பை, கோம்பை என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எத்தனை விண்ணப்பம் எழுதியிருப்பாள், சொந்த ஊர் என்ற இடத்தில் எப்போதும் மிச்சிகன்தான். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்ப இதை மாமா எனக்குத் திருப்பிச் செய்யணும், இல்ல?"

ஆமாம், கண்டிப்பாகச் செய்ய வேண்டும், கூட்டியே செய்ய வேண்டும் என்றேன். அதற்கு அவள் ஊருக்கு வந்து பந்தல் போட்டு ஒரு விசேஷம் வைக்க வேண்டும் என்பதை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.